கொடிக்கம்பியில் 12 கிலோ ஜமுக்காளம் போட்டால் கொக்கி ஏன் சுவரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது?

மாடிவாசி:

வணக்கம். மொட்டைமாடியில் துணி காயப்போட எதிரெதிர்க் கைப்பிடிச் சுவர்களில் சுவருக்கு ஒரு கொக்கி அடித்தேன். இடைவெளி சரியாக 6 மீட்டர். துளை போட்டு, பிளக் இறக்கி, திருகுக் கொக்கி மாட்டி, 2.5 மி.மீ. ஜி.ஐ. கம்பி கட்டினேன். தொய்வு விழக்கூடாது என்று டர்ன்பக்கிள் (திருகினால் கம்பியை இறுக்கும் இணைப்பு) வைத்து நன்றாக முறுக்கி, வீணைத் தந்தி மாதிரி இழுத்து நிறுத்தினேன். பார்க்க அவ்வளவு அழகாக நேராக இருந்தது.

துவைத்த ஜமுக்காளத்தை நாலாக மடித்து நடுவில் போட்டதும் ஒரு பக்கத்துக் கொக்கி பிளக்கோடு, கூடவே ஒரு பிடி சிமென்ட் பூச்சையும் எடுத்துக்கொண்டு வந்து விழுந்தது. அந்த ஜமுக்காளத்தை ஈரத்தோடு தராசில் வைத்துப் பார்த்தேன், 12 கிலோ. கொக்கி 50 கிலோ தாங்கும் என்று கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டு கொக்கி இருக்கிறது, ஆளுக்குப் பாதி என்று பார்த்தால் ஒன்றுக்கு 6 கிலோதானே வர வேண்டும்?

இதில் கடுப்பு என்னவென்றால் பக்கத்து வீட்டில் ஒரு பழைய நைலான் கயிறு, தொப்பை போட்டுத் தொங்குகிறது, என் கொக்கியைவிடச் சின்ன கொக்கி, அதில் போர்வை மேல் போர்வையாகப் போடுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. மச்சான் என்னடா என்றால் "கம்பியில் இறுக்கம் பத்தவில்லை, இன்னும் ரெண்டு சுற்று முறுக்கு" என்கிறார். யார் சொல்வது சரி? கொக்கி தரமில்லையா, சுவர் தரமில்லையா, இல்லை வேறு ஏதாவதா?

---

ரிக்கர்_ஜுபைல்:

அண்ணே, முதலில் மச்சான் பேச்சைக் கேட்டு முறுக்காதீர்கள். அடுத்த கொக்கியும் போகும்.

கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. உங்கள் கொக்கியில் விழுந்தது 6 கிலோ இல்லை, 100 கிலோவைத் தாண்டியிருக்கும். நான் கிரேன் தளத்தில் சுமை கட்டுகிறவன், எங்கள் தொழிலில் முதல் நாளே மண்டையில் ஏற்றுகிற பாடம் இது. 1 டன் எடையை இரண்டு கால் சிலிங்கில் (மேலே ஒரே கொக்கியிலிருந்து இரண்டாகப் பிரிந்து இறங்கும் தூக்குக் கயிறு) தூக்குகிறோம் என்று வையுங்கள். இரண்டு காலும் நேர்செங்குத்தாக நின்றால் ஆளுக்கு 500 கிலோ, நீங்கள் போட்ட பாதிக்கணக்கு அங்கே சரி. கால்கள் விரிந்து தரைமட்டத்தோடு 60 டிகிரி ஆனால் ஒவ்வொரு காலிலும் 577 கிலோ. 45 டிகிரியில் 707. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு 1000 கிலோ, அதாவது இரண்டு சிலிங் கட்டியும் பங்கு போட்டதில் லாபமே இல்லை. இன்னும் படுத்து 10 டிகிரிக்கு வந்தால் ஒரு காலில் 2,880 கிலோ. அதனால்தான் 30க்குக் கீழே எங்களைக் கட்டவே விடமாட்டார்கள், மேலே உயரம் கிடைக்காத இடத்தில் ஸ்பிரெடர் பீம் (கயிறுகளை விரித்துப் பிடிக்கும் குறுக்கு உத்தரம்) போட்டுத்தான் தூக்க வேண்டும்.

உங்கள் கம்பி ஒரு 10 செ.மீ. தொய்ந்திருந்தால்கூட அது வெறும் 2 டிகிரி. எங்கள் தளத்தில் அப்படிக் கட்டினால் அன்றைக்கே ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள்.

---

சும்மா_இருப்பவன்:

நைலான் கயிறு வாங்கிக் கட்டினோமா, துணியைப் போட்டோமா என்று இல்லாமல் இதற்கு டிகிரியெல்லாம் எதற்கு? பக்கத்து வீட்டுக்காரரிடம் கடை எது என்று கேளுங்கள், முடிந்தது.

---

மாடிவாசி:

ரிக்கர் தம்பி, நன்றி. ஆனால் ஒன்று இடிக்கிறது. 12 கிலோதான் தொங்குகிறது. 100 கிலோ, 150 கிலோ என்றால் மிச்ச விசை எங்கேயிருந்து வந்தது? இல்லாததை யார் கொண்டுவந்து போட்டார்கள்? முறுக்கியபோதே நான் கொடுத்த இறுக்கமா? அப்படியென்றால் ஜமுக்காளம் போடுவதற்கு முன்பே அது பிடுங்கியிருக்க வேண்டுமே.

(சும்மா இருப்பவருக்கு: நைலான் கயிறு ஏன் தாங்குகிறது என்பதும் என் கேள்விதான் சார்.)

---

இயற்பியல்_வாத்தி:

நல்ல இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். வகுப்பில் பாதிப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுகிறார்கள்.

விசையைச் சேமிப்பில் இருக்கிற பணம் போல நினைக்கக் கூடாது. 12 போட்டால் மொத்தம் 12தான் எங்கேயும் இருக்க முடியும் என்று ஒரு விதியும் இல்லை. விதி ஒன்றே ஒன்று: ஜமுக்காளம் அசையாமல் நிற்கிறதென்றால் அதன்மேல் இருக்கிற எல்லா விசைகளையும் திசையோடு சேர்த்துக் கூட்டினால் சுழியம் வர வேண்டும். கம்பி உங்கள் ஜமுக்காளத்தை மூன்று பக்கமாக இழுபடவிட்டிருக்கிறது. புவி கீழே இழுக்கிறது, இடப்பக்கக் கம்பி இடது மேல்நோக்கி, வலப்பக்கக் கம்பி வலது மேல்நோக்கி. கம்பி கிட்டத்தட்ட படுத்துக்கிடப்பதால் அந்த இரண்டு இழுவிசையும் பெரும்பாலும் ஒன்றையொன்று எதிர்த்தே செலவாகின்றன. இடது இழுப்பதை வலது அடிக்கிறது, வலது இழுப்பதை இடது அடிக்கிறது. கடைசியில் ஜமுக்காளத்தைத் தூக்குவதற்கு மிஞ்சுவது ஒவ்வொன்றிலும் ஒரு துளி செங்குத்துக் கூறு மட்டும். அந்தத் துளி 6 கிலோ ஆக வேண்டும் என்றால் முழு இழுவிசை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அதுதான் கேள்வி.

கணக்கு ரொம்ப எளிது. (கிலோ எடையின் அலகு இல்லை, 12 கிலோ என்பது சுமார் 118 நியூட்டன் என்று நான் சொல்லியே ஆக வேண்டும், சொல்லிவிட்டேன், இனிமேல் எல்லோரும் பேசுகிற மாதிரி கிலோவிலேயே பேசுவோம்.) பாதி இடைவெளி 3 மீட்டர். நடுவில் 10 செ.மீ. தொய்வு என்றால், கம்பி 3 மீட்டர் போக 0.1 மீட்டர் இறங்குகிறது, முப்பதில் ஒரு பங்கு சரிவு. ஆக இழுவிசையில் முப்பதில் ஒரு பங்குதான் மேல்நோக்கி வேலைசெய்கிறது. 6 கிலோ வர 180 கிலோ வேண்டும். தொய்வை 30 செ.மீ. ஆக்குங்கள், 60 கிலோ போதும். 60 செ.மீ. தொங்கவிட்டால் 31 கிலோ. உங்கள் மச்சான் சொன்னபடி இன்னும் முறுக்கி 5 செ.மீ. ஆக்கினால் 360 கிலோ. பக்கத்து வீட்டுத் தொப்பைக் கயிறு ஏன் நிற்கிறது என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

அப்புறம் "மிச்சம் எங்கேயிருந்து வந்தது" என்பது. சுவர் கொடுத்தது. கம்பி சுவரை 180 கிலோவுக்கு இழுக்கிறது, சுவர் கம்பியை 180 கிலோவுக்குத் திரும்ப இழுக்கிறது. சுவரால் அதைக் கொடுக்க முடிகிற வரைக்கும் கொடுத்தது, முடியாதபோது கொக்கியைக் கொடுத்துவிட்டது. வேலை என்கிற கணக்கில் பார்த்தாலும் எங்கேயும் ஏமாற்று இல்லை: ஜமுக்காளம் 1 செ.மீ. கீழே இறங்கினால் கம்பியின் ஒவ்வொரு பாதியும் வெறும் மூன்றில் ஒரு மி.மீ. நீள வேண்டியிருக்கிறது. 12 கிலோ 1 செ.மீ. நகர்ந்து செய்த வேலையும், இரண்டு பக்கமும் 180 கிலோ மூன்றில் ஒரு மி.மீ. நகர்ந்து செய்த வேலையும் பெருக்கிப் பாருங்கள், ஒரே எண். தூரத்தைக் கொடுத்து விசையை வாங்கியிருக்கிறீர்கள், கடப்பாரை நெம்புகிறபோது நடப்பதுதான் இது.

முறுக்கியபோது கொடுத்த இறுக்கமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கொக்கி தாங்கும் அளவுக்குள் இருந்தது, ஜமுக்காளம் விழுந்ததும்தான் அளவு தாண்டியது.

ஒரு கொசுறுச் செய்தி. எவ்வளவு பெரிய விசையாக இருந்தாலும், எவ்வளவு மெல்லிய கயிறாக இருந்தாலும், அதைக் கிடைமட்டமாக முற்றிலும் நேராக இழுத்துவிட முடியாது. கயிற்றுக்குச் சொந்த எடை இருக்கிறதே, அதைத் தூக்கவாவது கொஞ்சம் சரிவு வேண்டாமா? 1819இல் கேம்பிரிட்ஜின் வில்லியம் ஹியூவெல் இதைத் தன் இயக்கவியல் பாடநூலில் எழுதியபோது அந்த உரைநடை வாக்கியம் தற்செயலாக எதுகையும் சீரும் சேர்ந்து நாலு வரிக் கவிதையாக அமைந்துவிட்டது, நண்பர்கள் கேலி செய்ததில் மனிதர் அடுத்த பதிப்பில் வாக்கியத்தையே மாற்றிவிட்டார். நானாக இருந்தால் அட்டையிலேயே போட்டிருப்பேன்.

---

பிளஸ்ஒன்_அம்மா:

சார், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு இந்தப் பாடம்தான் நடக்கிறது, இணைகர விதி, முக்கோண விதி. இரண்டு விசைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அவற்றின் பெருக்கலை இரட்டித்துக் கோணத்தின் கொசைனால் பெருக்கிச் சேர்த்து வர்க்கமூலம் எடு என்று எழுதி எழுதிப் பார்க்கிறாள், விடையும் வருகிறது, ஆனால் "எதற்கு" என்று கேட்டால் முழிக்கிறாள். எங்கள் ஊர் திருவாரூர். தேர் ஓடுகிறபோது வடம் பிடிக்கிற கூட்டம் நேர்கோட்டிலா போகிறது, வீதி அகலத்துக்கு விரிந்து போகிறது. அப்படியானால் அங்கேயும் விசை இப்படி வீணாகிறதா? வடத்தில் இருப்பவர்கள் பாதி உழைப்பை ஒருவரையொருவர் எதிர்த்துத்தான் செலவழிக்கிறார்களா?

---

இயற்பியல்_வாத்தி:

அம்மா, நுழைந்தது நல்லதாகப் போயிற்று. கொடிக்கம்பியும் தேர்வடமும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள்.

உங்கள் மகள் எழுதுகிற சூத்திரத்தில் இரண்டு விசையும் சமம் என்று வைத்தால் அது சுருங்கி, ஒரு விசையின் இரு மடங்கை இடைக்கோணத்தில் பாதியின் கொசைனால் பெருக்கினால் போதும் என்று ஆகிவிடும். இனி ஆளுக்கு 100 என்று வைத்துக் கோணத்தை மட்டும் மாற்றுங்கள். சுழியம் டிகிரி, இரண்டும் ஒரே திசை, தொகுபயன் (இரண்டும் சேர்ந்து தருகிற மொத்த விசை) 200. இரண்டு வடங்களும் 20 டிகிரி விரிந்தால் 197. ஆக விரிந்ததால் போனது நூற்றுக்கு ஒன்றரைதான். 60 டிகிரியில்கூட 173 இருக்கிறது. 90க்கு 141. 120 டிகிரிக்கு வந்தால் சரியாக 100, இரண்டு பேர் இழுத்தும் ஒருவர் இழுத்த பலன் (ரிக்கர் சொன்ன 30 டிகிரி சிலிங்கும் இதுவேதான், தரையோடு 30 என்றால் கால்களுக்கு இடையில் 120). அதற்கு மேல்தான் சரிவு. 170 டிகிரியில் வெறும் 17 தேறும். 180இல் ஒன்றுமில்லை, கயிறிழுப்புப் போட்டி.

கவனித்தீர்களா, தொடக்கத்தில் கோணம் கூடினாலும் இழப்பு தெரிவதே இல்லை, கடைசி டிகிரிகளில்தான் எல்லாம் போகிறது. தேர் இழுப்பவர்கள் தொடக்க முனையில் இருக்கிறார்கள், கொஞ்சம் விரிந்து போனால் கவலையே இல்லை, காலில் மிதிபடாமல் நடக்க இடமாவது கிடைக்கும். மாடிவாசி கட்டிய கம்பி மறு முனையில், 176 டிகிரியில் இருக்கிறது. அங்கே அரை டிகிரிக்கும் விலை உண்டு. மகளை ஒரு கட்டத்தாளில் இந்த ஏழெட்டுக் கோணங்களையும் அளவெடுத்து அம்பு போட்டு வரையச் சொல்லுங்கள், கால்குலேட்டர் இல்லாமல், வெறும் அளவுகோலும் கோணமானியும். சூத்திரம் எதற்கு என்று கையே சொல்லிவிடும்.

தேரில் இன்னொன்று இருக்கிறது, அதைப் பாடப்புத்தகம் அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் என்பார்கள். அதன்மேல் வடம் மட்டுமா இழுக்கிறது? பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது, சக்கரத்தில் உராய்வு பின்னுக்கு இழுக்கிறது, எடை கீழே, வீதி மேலே. இவை எல்லாவற்றையும் கூட்டினால் தேர் எந்தப் பக்கம் போகும், எவ்வளவு வேகம் பிடிக்கும் என்று வரும். ஆனால் திரும்புமா என்று வராது. அதற்கு விசையின் அளவும் திசையும் போதாது, எந்தக் கோட்டின் வழியாகச் செயல்படுகிறது என்பதும் வேண்டும். இடது வடத்தில் ஆள் கூடி வலதில் குறைந்தால் தொகுபயன் விசை தேரின் நடுக்கோட்டை விட்டு விலகிப் போகும், தேர் முன்னேறிக்கொண்டே திரும்பவும் பார்க்கும். முட்டுக்கட்டை போடுகிறவர் இதைத்தான் வேண்டுமென்றே செய்கிறார். ஒரு பக்கச் சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகினால் அந்தப் பக்கம் மட்டும் பின்னோக்கி ஒரு விசை, அது நடுக்கோட்டிலிருந்து தள்ளி இருப்பதால் திருப்புத்திறன், அதாவது தேரைத் திருப்புகிற வலு, கிடைக்கிறது. ஆயிரக்கணக்கானவர் இழுக்கிற விசையை ஒரு மரக்கட்டை திசைமாற்றுகிறது என்றால் அது அளவால் இல்லை, செருகுகிற இடத்தால். வீதி முனையில் திருப்பும்போது சக்கரத்தடியில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள், பக்கவாட்டில் வழுக்க வேண்டிய இடத்தில் உராய்வைக் கழிப்பதற்கு.

வரலாறு கேட்பாள் என்றால்: சாய்தளத்தில் எடை எவ்வளவு இழுக்கும் என்பதை 1586இல் சைமன் ஸ்டெவின் என்ற பிளெமிஷ்காரர் கணிதம் ஒன்றும் பெரிதாக இல்லாமல், முக்கோணக் கட்டையைச் சுற்றி 14 குண்டுகள் கோத்த மாலையைப் போட்டுப் பார்த்தாற்போலக் கற்பனை செய்தே கண்டுபிடித்தார். மாலை தானாகச் சுற்றிக்கொண்டே இருக்க முடியாதல்லவா, அந்த ஒரே காரணத்திலிருந்து மொத்த விதியும் வந்துவிடுகிறது. இரண்டு விசைகள் சேர்ந்தால் இணைகரத்தின் மூலைவிட்டம் என்று இன்று நாம் எழுதுகிற வடிவம் 1687இல் நியூட்டனும், அதே ஆண்டு பிரான்சில் வரிஞோனும் தனித்தனியாக வெளியிட்டது.

---

வயக்காட்டு_ஜீப்:

கம்பியைக் கெடுக்கிற இதே கணக்கு எங்களுக்கு வண்டியைக் காப்பாற்றுகிறது. சேற்றில் ஜீப் மாட்டிக்கொண்டால், வின்ச் இல்லை, டிராக்டர் இல்லை, ஒரு நல்ல கயிறும் எதிரே ஒரு புளியமரமும் இருந்தால் போதும். கயிற்றை வண்டிக்கும் மரத்துக்கும் நடுவில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கிக் கட்டுங்கள். பிறகு வண்டியைப் பார்த்து இழுக்காதீர்கள், கயிற்றின் நடுவில் நின்று பக்கவாட்டில் தள்ளுங்கள். ஒரு ஆள் 30 கிலோவுக்குத் தள்ளினாலும், கயிறு 5 டிகிரி வளைந்திருக்கும்போது வண்டியில் 170 கிலோ இழுவை விழும். வண்டி ஓர் அங்குலம் நகர்ந்ததும் கயிறு தொய்ந்துவிடும், கோணம் கூடும், லாபம் போய்விடும். மறுபடி அவிழ்த்து இறுக்கிக் கட்டி மறுபடி தள்ளு. பொறுமை வேண்டும், ஆனால் வரும்.

நீளுகிற நைலான் கயிறு இதற்கு உதவாது, தள்ளுவதெல்லாம் கயிறு நீளுவதிலேயே போய்விடும். இரும்புக் கயிறு என்றால் அதன் நேரே எவரையும் நிற்கவிடாதீர்கள், அறுந்தால் காலை வெட்டிவிடும்.

---

சிவில்_சேலம்:

வாத்தியார் நன்றாகச் சொன்னார், ஆனால் தொய்வு 10 செ.மீ. என்று எப்படித் தெரிந்தது? தொய்வைக் கம்பிதான் முடிவு செய்யும், நாம் இல்லை. அதைச் சேர்த்தால்தான் நைலான் கேள்விக்கு முழுப் பதில் வரும்.

கம்பியை முறுக்கவே இல்லை, வளைவில்லாமல் நேராக மட்டும் கட்டியிருக்கிறது, சுவர் இம்மியும் அசையாது என்று வையுங்கள். 2.5 மி.மீ. இரும்புக் கம்பியில் நடுவில் 12 கிலோ போட்டால் அது நீண்டு நீண்டு சுமார் 15 செ.மீ. இறங்கித்தான் நிற்கும், அப்போது இழுவிசை 120 கிலோ. இது முறுக்காத கம்பிக்கு. டர்ன்பக்கிளில் ஏற்றிய இறுக்கம் இருந்தால் இறக்கம் குறையும், இழுவிசை அதற்கு மேலே போகும். ஆகவே "50 கிலோ" கொக்கிக்கு வாய்ப்பே இல்லை. நைலான் இரும்பைப்போல விறைப்பானது இல்லை, சுமை வந்ததும் தாராளமாக நீண்டு கீழே போய்விடும், கீழே போவதால் கோணம் நல்லதாகிவிடும், கோணம் நல்லதானதால் இழுவிசை குறைந்துவிடும். பலவீனம்போல் தெரிகிற குணமே அதைக் காப்பாற்றுகிறது. சும்மா இருப்பவர் சொன்ன தீர்வு சரிதான், காரணம் சொல்லாமல் சொன்னார், அவ்வளவுதான்.

இரண்டாவது, நடுவில் மடித்துப் போட்டதுதான் பெரிய கேடு. அதே 12 கிலோவைக் கம்பி நீளத்துக்குப் பரப்பிப் போட்டால் அதே தொய்வில் இழுவிசை பாதியாகிவிடும், 10 செ.மீ. தொய்வுக்கு 180 இருந்த இடத்தில் 90. எடையை இடைவெளியால் பெருக்கி, தொய்வைப்போல 8 மடங்கால் வகுத்தால் வருகிற எண் அது. மின்கம்பி இழுப்பவர்களும் தொங்குபாலம் கட்டுபவர்களும் தொடங்குகிற இடம் இந்தச் சூத்திரம்தான். ஈ.பி. கம்பி தொங்குவதைப் பார்த்து இழுத்துக் கட்டத் தெரியவில்லை என்று திட்டுகிறோம், அந்தத் தொய்வு கணக்குப் போட்டு விட்டது. குளிரில் கம்பி சுருங்கி இறுகும், அப்போதும் அறாமல் இருக்க வேண்டும், வெயிலில் நீண்டு இறங்கும், அப்போதும் தரையிலிருந்து போதிய உயரம் இருக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலத்தில் நடு இடைவெளி 1,280 மீட்டர், வடம் 143 மீட்டர் கீழே தொங்குகிறது. கணக்குப் போட்டால் வடங்களின் கிடைமட்ட இழுவிசை அந்தப் பகுதியின் மொத்த எடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தொய்வு பதினாலு மீட்டர் போதும் என்று எவராவது அழகு பார்த்திருந்தால் எடையைப்போல் 11 மடங்கு இழுவிசையைத் தாங்க வேண்டியிருந்திருக்கும். அவ்வளவு உயரக் கோபுரங்கள் எதற்கு என்றால், தொய்வுக்கு இடம் கொடுக்க.

மூன்றாவது, எவரும் சொல்லாதது: கொக்கி. அது தாங்குகிற எடை எந்தத் திசையில் என்று கேட்டீர்களா? சுவரில் படம் மாட்டினால் விசை கீழ்நோக்கி, திருகு குறுக்காக நின்று தாங்கும், அதில் நிறையத் தாங்கும். உங்கள் கம்பி கிடைமட்டம், அதாவது கொக்கியை அது வந்த துளை வழியாகவே வெளியே இழுக்கிறது. பிளக்குக்கு இருக்கிற மிக மோசமான திசை அது, அதிலும் பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது வேறு.

செய்ய வேண்டியது: மூலைத் தூண் இருந்தால் அதைச் சுற்றியே கம்பியைக் கட்டுங்கள், பிடுங்குவதற்கு ஒன்றுமே இருக்காது. தூண் இல்லை என்றால் சுவரை ஊடுருவும் போல்ட், பின்புறம் அகலமான தகடு. தொய்வு 30 செ.மீ.க்குக் குறையாமல் விடுங்கள். நடுவில் ஒரு கவைக்கம்பு முட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது, நம் பாட்டிகள் செய்ததுதான், நடுச்சுமையை அது நேராகத் தரைக்கு இறக்கிவிடும், கொக்கிக்குக் கிட்டத்தட்ட வேலை இராது. டர்ன்பக்கிளைக் கழற்றி வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

---

மாடிவாசி:

எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் காட்டினேன், "அப்படியா" என்று மட்டும் சொன்னார். மூலைத் தூண் ஒரு பக்கம் இருக்கிறது. மறுபக்கம் தண்ணீர்த் தொட்டியின் தூண், ஆனால் அங்கே குழாய் குறுக்கே போவதால் 1 மீட்டர் மேலேதான் கட்ட முடியும். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தாழ்வு என்றால் எந்தத் தூண் அதிகம் தாங்கும்? துணி எல்லாம் தாழ்ந்த பக்கம் வழுக்கிக்கொண்டு போகுமா?

---

சிவில்_சேலம்:

தாராளமாகக் கட்டலாம், இன்னும் வசதிதான். தாழ்ந்த தூணின் முடிச்சுக்கு 30 செ.மீ. கீழே நடுப்புள்ளி தொங்குகிறது என்று வைத்துப் பார்த்தேன். ஜமுக்காளத்தின்மேல் பக்கவாட்டு விசை மிச்சமிருக்கக் கூடாது, அதனால் இரண்டு தூணிலும் கிடைமட்ட இழுப்பு ஒரே அளவுதான் இருக்க முடியும், உங்கள் அளவுக்கு அது 22.5 கிலோ. செங்குத்துப் பங்குதான் மாறும்: அதிகச் சரிவோடு ஏறுகிற தொட்டிப் பக்கக் கம்பி 12இல் 9.75 கிலோவைத் தூக்கும், தாழ்ந்த பக்கம் 2.25. மொத்த இழுவிசை தொட்டித் தூணில் 24.5, மற்றதில் 22.6. இரண்டுமே தூணுக்குத் தூசு.

வழுக்குமா என்றால், கொக்கிபோட்ட ஹேங்கர் வழுக்கும். இரண்டு பக்கக் கம்பியும் தரையோடு ஒரே கோணம் ஆகிற இடம் வரைக்கும் போய் அங்கே நிற்கும், ஏனென்றால் வழுக்குகிற பொருளுக்கு இரு புறமும் இழுவிசை சமம், கோணமும் சமமானால்தான் பக்கவாட்டில் சரிக்குச் சரியாகும். ஈர ஜமுக்காளத்துக்கு உராய்வு இருக்கிறது, எந்த இடத்தில் போட்டீர்களோ பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். சட்டைகளுக்கு மட்டும் கிளிப் போடுங்கள்.

---

ரிக்கர்_ஜுபைல்:

அண்ணே, தொட்டித் தூணில் கட்டும்போது கம்பி தூணின் முனையில் உரசாமல் ஒரு பழைய டியூப் துண்டையோ சாக்கையோ வைத்துச் சுற்றுங்கள். கணக்கில் தாங்குகிற கம்பி கூர்முனையில் அறுந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.